ஏற்காடு வளைவு, ஊசி, நாய், லிஃப்ட்: பயம் பத்தி நீங்க கேட்டதும் எங்க பதிலும்

ஃபோபியா, அதாவது குறிப்பிட்ட ஒரு விஷயத்து மேல வர்ற அளவுக்கு மீறின பயம், அதைப் பத்திக் கேட்டு சேலம் பக்கத்துல இருந்து வந்த கடிதங்கள்ல சிலதுக்கு இந்த இதழ்ல பதில். பேரு, அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் போட்டிருக்கோம், அதனால யாரும் தயங்காம எழுதுங்க.

கேள்வி: மேடம், நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், வயசு 36, வீடு அஸ்தம்பட்டி. இந்த வருஷம் ஏற்காட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி குடும்பத்தோட மலை ஏறும்போது செம பனி, ஒரு வளைவுல எதிர்ல லாரி வந்து எங்க கார் நின்னு பின்னாடி உருண்டுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைலருந்து கொண்டை ஊசி வளைவுன்னாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை வேர்த்து ஊத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பஸ்ல ஏறவே முடியல. வீட்டுக்காரர்தான் தினமும் குப்பனூர் வழியா கார்ல கொண்டுபோய் விடறார், அதுலயும் கண்ணை இறுக்கி மூடிட்டுத்தான் போறேன். அவர் வேலை கெடுது. பேசாம லாங் லீவ் போட்டுடலாமான்னு இருக்கு.

பதில்: லீவ் போடாதீங்க டீச்சர், தயவுசெஞ்சு. லீவ் போட்ட மொத நாள் அவ்ளோ நிம்மதியா இருக்கும், பிரச்சனையே அந்த நிம்மதிதான். ஒவ்வொரு தடவ நீங்க ஒதுங்கும்போதும் உடம்பு அப்பாடான்னு இறங்குதில்ல, மூளை அதையே பாடமா எடுத்துக்குது, ஒதுங்கினதாலதான் தப்பிச்சோம்னு. ஏறிப் போயி ஒண்ணும் ஆகாம இறங்குன அனுபவம் அதுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது, அதனால ரெண்டு வருஷம் ஆகியும் அந்த லாரி நேத்து வந்த மாதிரியே இருக்கு. கண்ணை மூடிக்கறதும் இதே கதைதான். தினமும் மலை ஏறிட்டுத்தான் இருக்கீங்க, ஆனா உங்க மூளையைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் ஒரு வளைவைக்கூட பாக்கல.

ரெண்டு விஷயத்தை மொதல்ல பிரிச்சுப் பாத்துக்கணும். வாந்தி வர்றது பயத்தால மட்டும் வரணும்னு இல்ல, வளைவுல காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு ஒண்ணு சொல்லும், கண்ணு வேற ஒண்ணு சொல்லும், அதனால பயமே இல்லாதவங்களுக்கும் மலை ரோட்டுல குமட்டும். முன் சீட்டுல உக்காந்து தூரத்துல ரோட்டையே பாத்துட்டுப் போனா பாதி குறையும், போனைப் பாத்தா கூடும். இன்னொண்ணு, அந்த லாரி சம்பவம் கனவுல திரும்பத் திரும்ப வருதா, பகல்லயே திடீர்னு அந்த நிமிஷத்துக்குள்ள போய் மாட்டிக்கிட்ட மாதிரி ஆகுதா? அப்படி இருந்தா இது வெறும் ஃபோபியா இல்லாம அதிர்ச்சியோட பாதிப்பா இருக்கலாம், அதுக்குத் தனி சிகிச்சை இருக்கு, நீங்களா எதுவும் ஆரம்பிக்காம நேரா ஆள்கிட்ட போயிடுங்க.

அப்படி இல்லைன்னா உங்களுக்கு வேண்டியது எக்ஸ்போஷர் தெரபி. பயப்படற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, திட்டம் போட்டு, உங்க சம்மதத்தோட நெருங்கறது. தென் ஆப்பிரிக்க சைக்கியாட்ரிஸ்ட் ஜோசப் வோல்பே 1958ல புத்தகமாவே எழுதி, படிப்படியா நெருங்கற முறைக்கு ஒழுங்கு கொடுத்தாரு. அவர் முறையில உடம்பைத் தளர்த்திக்கிட்டு, பயப்படற காட்சியை மனசுல கொண்டு வரச் சொல்வாங்க. இப்ப பெரும்பாலும் நேரடியா அந்த இடத்துக்கே போறதைத்தான் செய்யறாங்க, பலன் அதுலதான் நல்லா நிக்குது.

நம்ம ஏற்காடு ரோட்டுல இதுக்கு ஒரு வசதியே இருக்கு, அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு, எல்லாத்துக்கும் நம்பர் போர்டு. தெரபிஸ்ட்கிட்ட போனா உங்க பயத்துக்கு 0ல இருந்து 100 வரைக்கும் மார்க் போடச் சொல்வாங்க, டீச்சருக்கு மார்க் போடச் சொல்லித் தர வேண்டியதில்ல. போன்ல அந்த ரோட்டு வீடியோவை சத்தத்தோட பாக்கறது ஒரு 25 வருதுன்னு வைங்க. அடிவாரத்துல ஓரமா நின்னு மேல இருந்து இறங்கி வர்ற பஸ்ஸுங்களை ஒண்ணொண்ணா பாக்கறது 35. கார்ல கண்ணைத் திறந்துட்டு ரெண்டாவது வளைவு வரைக்கும் போய்த் திரும்பறது 50. பத்தாவது வளைவு, 65. 20ம் ஏறி இறங்கறது 75, அதையே பஸ்ல வீட்டுக்காரர் பக்கத்துல இருக்க 85, தனியா ஜன்னல் சீட்டுல 95. இது சும்மா மாதிரிக்கு, உங்க மார்க் வேற மாதிரி இருக்கும், நீங்கதான் போடணும். ஒரு படியில ஒரே தடவையோட தாவிடக் கூடாது, அதையே மறுபடி மறுபடி செய்யணும், வேற வேற நேரத்துல செய்யணும், காலைல, சாயந்திரம், லேசா தூறல் இருக்கறப்ப. இல்லைன்னா வெயில் அடிக்கற ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் பயம் போயிருக்கும், திங்கக்கிழமை பனிக்குப் போகாது.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நோட்ல எழுதுங்க: இன்னைக்கு என்ன ஆகும்னு நெனைக்கறேன், ரெண்டாவது வளைவுல வண்டி பின்னாடி உருளும், எனக்கு மூச்சு நின்னுடும், அதுக்கு எவ்ளோ சான்ஸ்னு. திரும்பி வந்து என்ன ஆச்சுன்னு பக்கத்துலயே எழுதுங்க. பயம் முழுசா இறங்கணும்னு அவசியமே இல்ல, 60லயே இருந்தாலும் பரவால்ல, நெனைச்சது நடக்கலைங்கறதை மூளை கண்ணால பாத்தா போதும், வேலை அங்கதான் நடக்குது. கண்ணை மூடறது, வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடிக்கறது, டிரைவர்கிட்ட மெதுவா மெதுவான்னு சொல்லிட்டே வர்றது, இதெல்லாம் ஒவ்வொண்ணா கழட்டி விடணும், இல்லைன்னா அந்தக் கை இருந்ததாலதான் தப்பிச்சேன்னு கணக்கு மாறிடும்.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. சார், நீங்க பாசத்துலதான் செய்யறீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா தினமும் கொண்டுபோய் விடறதை ஒரே நாள்ல நிறுத்தாம, மேல சொன்ன படிக்கேத்த மாதிரி குறைச்சுட்டு வாங்க. எந்தப் படி, எந்த நாள்னு அவங்கதான் சொல்லணும். சர்ப்ரைஸா ஒரு நாள் பஸ்ல ஏத்தி விட்டுடாதீங்க, அப்படிச் செஞ்சா பழைய லாரியோட புதுசா ஒண்ணு சேந்துக்கும்.

கேள்வி: நான் ஓமலூர், வயசு 20, காலேஜ் படிக்கறேன். ரத்தம் பாத்தாலோ ஊசி குத்துனாலோ மயங்கி விழுந்துடறேன். ஒரு தடவ ரத்த டெஸ்ட் குடுக்கப் போயி விழுந்து தாடையில தையல் போட்டாங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். இப்ப வேலைக்கு மெடிக்கல் செக்கப் வரப்போகுது. ஆம்பளப் பையன் இதுக்குப் போய் விழறியேன்னு பசங்க ஓட்டறாங்க. மூச்சை இழுத்து விட்டு ரிலாக்ஸ் பண்ணுன்னு யூடியூப்ல சொல்றாங்க, சரியா வரல.

பதில்: தம்பி, சரியா வராது, அதுக்குக் காரணம் இருக்கு. மத்த எல்லா ஃபோபியாவுலயும் பயம் வந்தா நாடித்துடிப்பு ஏறும், பிரஷர் ஏறும், அதனால மயக்கம் வர்ற மாதிரி இருந்தாலும் ஆளு பெரும்பாலும் விழ மாட்டாங்க. ரத்தம், ஊசி, காயம் சம்பந்தப்பட்ட பயம் மட்டும் தனி ரகம். மொதல்ல கொஞ்சம் ஏறும், அப்புறம் சட்டுன்னு பிரஷரும் துடிப்பும் இறங்கிடும், மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சு கண்ணு இருட்டிட்டு விழுந்துடுவீங்க. ஏற்கனவே இறங்கற உடம்பை ரிலாக்ஸ் பண்ணினா இன்னும் இறங்கத்தான் செய்யும். இதுக்கும் ஆம்பளைத்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இது நரம்போட வேலை, குடும்பத்துலயே வர்றது இந்த ரகத்துல ரொம்ப சகஜம், உங்கப்பாவைக் கேட்டா தாத்தா கதையும் வரலாம்.

உங்களுக்கு வேண்டியது தலைகீழ் வைத்தியம். ஸ்வீடன் சைக்காலஜிஸ்ட் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980கள்ல இதை ஒரு முறையாவே கொண்டுவந்தாரு. சேர்ல உக்காந்து கை, வயிறு, தொடை, கால்னு எல்லாத் தசையையும் சேத்து இறுக்குங்க, ஒரு 10, 15 செகண்ட், முகம் சூடாகற மாதிரி இருக்கற வரைக்கும். அப்புறம் விடுங்க, ஆனா தொளதொளன்னு விட்டுட வேண்டாம், சாதாரணமா உக்காந்திருக்கற அளவுக்கு வந்தா போதும். 20, 30 செகண்ட் கழிச்சு மறுபடி. அஞ்சு தடவ ஒரு செட், தினமும் சில செட். இறுக்கும்போது பிரஷர் ஏறுது, அவ்ளோதான் சூட்சுமம். தலை வலிச்சா இறுக்கம் ஜாஸ்தின்னு அர்த்தம், கொஞ்சம் குறைச்சுக்குங்க.

வீட்டுல இது கை வந்ததுக்கப்புறம் ஊசி போட்டோ, அப்புறம் ரத்தம் எடுக்கற வீடியோ, அப்புறம் லேப் வாசல்ல உக்காந்துட்டு வர்றதுன்னு போகணும், ஒவ்வொரு இடத்துலயும் கண்ணு மங்கற மாதிரி, காது அடைக்கற மாதிரி அந்த மொத அறிகுறி வந்த உடனே இறுக்கணும். அந்த அறிகுறியைப் பிடிக்கக் கத்துக்கறதுதான் பாதி வெற்றி. ஊசி குத்துற நேரத்துல அந்தக் கையைத் தளர்வா விட்டுட்டு இன்னொரு கையையும் காலையும் மட்டும் இறுக்குங்க. செக்கப் அன்னைக்கு லேப்ல இருக்கறவங்ககிட்ட போன உடனே சொல்லிடுங்க, எனக்கு மயக்கம் வரும், படுக்க வெச்சு எடுங்கன்னு. அவங்களுக்கு இது புதுசில்ல. சாப்பிடாம வரச் சொல்லாத டெஸ்ட்டா இருந்தா சாப்ட்டுட்டு, தண்ணி குடிச்சுட்டுப் போங்க. ஊசி, ரத்தம் எதுவும் இல்லாத நேரத்துலயும் மயக்கம் வந்தா மட்டும் மொதல்ல ஹார்ட்டை ஒரு டாக்டர்கிட்ட பாத்துடணும்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 8 வயசு, சூரமங்கலத்துல இருக்கோம். நாயைக் கண்டா ரோட்டையே பாக்காம ஓடறான், ஒரு தடவ வண்டில அடிபட இருந்தான். இப்ப டியூஷன், கடை எங்கயும் நடந்து வர மாட்டேங்கறான். அவங்கப்பா ஒரு நாய்க்குட்டியைப் பிடிச்சு மடில போட்டா சரியாயிடும்ங்கறார். மாமியார் மந்திரிச்சு தாயத்து கட்டலாம்ங்கறாங்க.

பதில்: மடில போட வேண்டாம்மா, அவங்கப்பாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஓட முடியாம மாட்டிக்கிட்டோம்ங்கற நெனைப்புதான் அவனுக்கு மிஞ்சும், நாய் மேல இருந்த பயத்தோட அப்பா மேலயும் ஒரு நம்பிக்கைக் குறைச்சல் வந்துடும். மாமியார் ஆசைப்பட்டா தாயத்து கட்டட்டும், வீட்டுல அதுக்காக சண்டை வேண்டாம். தாயத்து இருந்தா நாய் கிட்ட வராதுன்னு மட்டும் சொல்லிட வேண்டாம். அது ஒரு நாள் அறுந்து விழும், அன்னைக்கு என்ன பண்ணுவான்.

குழந்தைங்க பயத்தைப் போக்கறதுக்கு வழி ரொம்ப நாளாவே தெரியும். அமெரிக்காவுல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒருத்தங்க 1924ல பீட்டர்ங்கற ஒரு சின்னப் பையனைப் பத்தி எழுதினாங்க, அவனுக்கு முயல்னா பயம். அவன் பிடிச்சதைச் சாப்பிட்டுட்டு இருக்கும்போது கூண்டுல முயலை தூரத்துல கொண்டாந்து வெச்சு, அவன் தாங்கற அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் கிட்ட நகத்திட்டே வந்தாங்க, கடைசியில மடிலயே வெச்சுக்கிட்டான். முயலுக்கு பயப்படாத மத்த குழந்தைங்களையும் அவன்கூட விளையாட விட்டாங்க, அதுவும் பெருசா உதவிச்சு. உங்க பையனுக்கும் அதே வழிதான். நாய்ப் படம் வரையட்டும். மாடில இருந்து தெரு நாயைப் பாத்து அது என்ன பண்ணுதுன்னு உங்ககிட்ட கதையா சொல்லட்டும், இப்ப தூங்குது, இப்ப காதைச் சொறியுதுன்னு. தெரிஞ்சவங்க வீட்டுல தடுப்பூசி போட்ட, வயசான, சாதுவான நாய் ஒண்ணு இருந்தா கயித்துல கட்டியிருக்கும்போது இருபது அடி தள்ளி நின்னு தட்டுவடை செட் வாங்கிக் குடுங்க, சாப்பிட்டுக்கிட்டே பாக்கட்டும், அடுத்த தடவ பதினஞ்சு அடி. எத்தனை அடின்னு அவனே முடிவு பண்ணட்டும். கிட்டப் போனதுக்குப் பாராட்டுங்க, பயந்ததுக்குத் திட்டாதீங்க, கடைசியில தொட்டே ஆகணும்னும் இல்ல, ரோட்டுல ஓடாம நடந்து போனாலே நமக்கு ஜெயிச்ச மாதிரி.

அதே நேரத்துல தெரு நாய் விஷயத்துல பயமே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், ரேபிஸ் வந்துட்டா உயிரைக் காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாது. அதனால எதுக்கு ஜாக்கிரதையா இருக்கணும்னு தெளிவா சொல்லிக் குடுங்க. ஓடக் கூடாது, ஓடினாத்தான் துரத்தும், அசையாம நின்னு கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு அது கண்ணையே முறைச்சுப் பாக்காம இருக்கணும். சாப்பிடற நாய், குட்டி போட்ட நாய்கிட்ட போகவே கூடாது. கடிச்சாலோ நகம் கீறினாலோ மறைக்காம உடனே சொல்லணும், சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஊசி. என்ன செய்யணும்னு தெரிஞ்ச குழந்தைக்கு பயம் பாதியாயிடும்.

கேள்வி: எனக்கு பல்லின்னா அருவருப்பு, பாத்தா கத்திடுவேன். இது ஃபோபியாவா? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: கத்திட்டு அடுத்த வேலையைப் பாக்கறீங்கன்னா இல்ல. பல்லி இருக்கும்னு சமையல்கட்டுக்கே போகாம, சொந்தக்காரங்க வீட்டுல தங்காம, இப்படியே ஆறு மாசத்துக்கு மேல வாழ்க்கை சுருங்கிட்டே போகுதுன்னா அப்ப ஃபோபியாங்கற பேரு பொருந்தும். பயத்தோட அளவை விட, அது உங்ககிட்ட இருந்து எதையெல்லாம் பிடுங்குதுன்னு பாருங்க.

கேள்வி: வயசு 58, அம்மாபேட்டையில பட்டுத் தறி ஓட்டறேன். முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாங்க, அந்தக் குழாய்க்குள்ள தலை போன உடனே மூச்சு முட்டி வெளிய வந்துட்டேன். லிஃப்ட்டும் ஏற மாட்டேன், அது ரொம்ப வருஷமா. டாக்டர் பதட்டத்தைக் குறைக்கற அல்பிரசோலாம் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. இதையே லிஃப்ட்டுக்கும் போட்டுக்கலாமா?

பதில்: ஐயா, எம்ஆர்ஐக்கு ஒரு தடவ, டாக்டர் சொன்ன அளவுல போட்டுக்கறதுல தப்பில்ல, ஸ்கேன் முக்கியம். தூக்கக் கலக்கமா இருக்கும், அதனால வண்டி ஓட்டாம கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அன்னைக்கு மது கூடவே கூடாது. ஆனா லிஃப்ட்டுக்கு அதையே பழக்கமாக்கிட வேண்டாம். அந்த வகை மாத்திரை பழகிடும், அளவு கூடிட்டே போகும், நிறுத்தறது சிரமம். அதோட மாத்திரை போட்டு ஏறினா மாத்திரையாலதான் முடிஞ்சுதுன்னு மனசு எடுத்துக்கும், லிஃப்ட் மேல இருக்கற பயம் அப்படியே இருக்கும்.

ஸ்கேனுக்கு முன்னாடி வீட்டுலயே பழகலாம். உயரமான கட்டிலுக்கு அடியில பாய் போட்டு, தலை உள்ள இருக்கற மாதிரி மல்லாந்து படுங்க, மொத நாள் ரெண்டு நிமிஷம், அப்புறம் அஞ்சு, பத்து, இருபது. கண்ணைத் திறந்து வெச்சும் படுங்க, மூடியும் படுங்க. மூச்சு முட்டற மாதிரி வரும், அப்ப எந்திரிக்காம இருந்தா அது தானா ஏறி தானா இறங்கறது உங்களுக்கே தெரியும். எம்ஆர்ஐ குழாய் ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும், காத்து வந்துட்டே இருக்கும், கையில ஒரு ரப்பர் பந்து குடுப்பாங்க, அமுக்கினா வெளிய இருக்கறவருக்கு சத்தம் கேட்டு உங்ககூட பேசுவாரு. இடுப்புப் பக்க ஸ்கேன்னா காலை முன்னாடி விட்டு எடுக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, சில இடத்துல செய்வாங்க. உள்ள டக்கு டக்குன்னு பெரிய சத்தம் வரும், காதுக்கு அடைப்பு குடுப்பாங்க, தறிச் சத்தத்துலயே வாழ்ந்த உங்களுக்கு அது அவ்ளோ பெருசா தெரியாதுன்னு நெனைக்கறேன். லிஃப்ட்டுக்கு டீச்சருக்குச் சொன்ன அதே வழிதான், ஒரு மாடில ஆரம்பிங்க.

கேள்வி: தெரபின்னா எங்க போறது, எவ்ளோ நாள் ஆகும், காசு நிறைய ஆகுமா? (ஆத்தூர், மேட்டூர், இன்னும் பல பேர்)

பதில்: சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, காலைல ஓபி சீட்டு போட்டுப் பாக்கலாம், காசு இல்ல. மாவட்ட மனநலத் திட்டம் மூலமா தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர் வர்ற நாள் உண்டு, ஆத்தூர்க்காரங்க, மேட்டூர்க்காரங்க உங்க ஆஸ்பத்திரில எந்தக் கிழமைன்னு விசாரிச்சுக்குங்க. நேர்ல போகத் தயக்கமா இருந்தா 14416, இது மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும்.

தனியார்கிட்ட போனா கூச்சப்படாம கேளுங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு போட்டிருந்தா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேளுங்க. என் ஃபோபியாவுக்கு எக்ஸ்போஷர் செய்வீங்களா, எப்படி செய்வீங்கன்னு கேளுங்க, மாசக்கணக்கா உக்காந்து சின்ன வயசுக் கதை மட்டும் பேசினா குறிப்பிட்ட ஒரு விஷயத்து மேல இருக்கற பயம் நகராது. ஒரே ஒரு விஷயத்து மேல மட்டும் பயம்னா நாள் அதிகம் ஆகாது, பெரும்பாலும் சில வாரத்துல நல்ல மாற்றம் தெரியும். மேல சொன்ன ஓஸ்ட், நாய், சிலந்தி, ஊசி மாதிரி பயத்துக்கெல்லாம் ஒரே நாள்ல 3 மணி நேரம் வரைக்கும் தொடர்ந்து செய்யற முறையையும் 1989ல எழுதிருக்காரு, அதுக்குப் பழகின தெரபிஸ்ட் கிடைச்சா அதையும் கேட்டுப் பாக்கலாம். கூட்டமா இருக்கற இடம், நாலு பேர் முன்னாடி பேசறது, தானா திடீர் திடீர்னு வர்ற பேனிக், கூடவே தூக்கமில்லாம, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கறதுன்னு சேந்து வந்தா கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், சிலருக்கு மாத்திரையும் சேத்துத் தர வேண்டியிருக்கும். அதை சைக்கியாட்ரிஸ்ட் பாத்து முடிவு பண்ணுவாரு.

ஓபில உள்ள போன உடனே எனக்கு பயமா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, அங்க நேரம் கம்மி. எதுக்கு பயம், எப்ப ஆரம்பிச்சுது, அதனால எதெல்லாம் செய்யாம விட்டிருக்கேன், வீட்டுல யாரு எப்படி உதவறாங்க, இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை போட்டிருக்கேன்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போயி டாக்டர் கையில குடுத்துடுங்க.